காந்தியடிகளும் வன்செயலின் வேரும்

ஓர் ஊரிற் கலகம் மூண்டால் முதலிற் கல்லெறிந்தவர் யார் என்று விசாரிக்கின்றோம். ஒரு நாட்டிற் போர் மூண்டால் முதலில் எல்லை கடந்தவர் யார் என்று விசாரிக்கின்றோம். இவ்விசாரணை வேண்டியதே. ஆயினும், எறிந்த கைக்குப் பின்னால் நின்ற மனம் எவ்வாறு அந்நிலைக்கு வந்தது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. சமயம் கேட்கும் கேள்வி அதுவே. அக்கேள்வியை வாழ்நாள் முழுவதும் விடாது கேட்டவருள் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி முதன்மையானவர். அவர் சரிதத்தை இந்திய விடுதலைப் போராட்டத்தின் கதையாகவே நம்மிற் பலரும் படித்திருக்கின்றோம். இம்மலரில் அதனை வேறொரு நோக்கிற் காண விழைகின்றோம். மனித சமுதாயத்தில் இம்சை எங்கிருந்து முளைக்கின்றது என்பதை ஆராய்ந்த ஒரு சமய வாழ்க்கையாக அதனைப் பார்ப்போம்.

இளமையில் விழுந்த வித்து

காந்தியடிகள் 1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி கத்தியவாரிலுள்ள போர்பந்தரிற் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் சமஸ்தானத் திவானாகப் பணியாற்றியவர். தாயார் புத்லிபாய் விரதங்களில் மிக்க உறுதியுடையவர். மழைக்காலத்திற் சூரியனைக் கண்ட பின்னரே உண்பதென்று அவ்வம்மையார் நோன்பு பூண்டிருந்த காலத்தில், பிள்ளைகள் வானத்தைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். சூரியன் தோன்றியதும் ஓடிச்சென்று அன்னையை அழைப்பார்கள். அவர் வந்து பார்ப்பதற்குள் மேகம் மூடிவிடும். அவரோ முகம் வாடாது வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார். தன்னைத் தானே அடக்கும் வலிமையை அப்பிள்ளை முதன்முதல் தன் தாயிடமே கண்டது.

சிறுவனாக இருந்த காந்தி பெரும் பயங்கொள்ளி. இருளுக்கும், கள்வருக்கும், பேய்க்கும், பாம்புக்கும் அஞ்சினார். வீட்டுப் பணிப்பெண் ரம்பா என்பவர், அச்சம் வரும்போதெல்லாம் இராமநாமத்தைச் சொல்லும்படி கற்பித்தார். இது சிறிய செய்திபோலத் தோன்றலாம். ஆனால், அச்சமே இம்சையின் தாய் என்று பிற்காலத்தில் அவர் கண்ட முடிவின் தொடக்கம் இங்கே இருக்கின்றது. அஞ்சுபவனே ஆயுதம் தேடுகின்றான். அச்சத்தை நீக்கும் மருந்து ஆயுதத்தில் இல்லை. இறைவனைப் பற்றிக்கொள்வதில் இருக்கின்றது என்பதை ஒரு பணிப்பெண் அவருக்குக் காட்டிவிட்டார்.

மற்றொரு நிகழ்ச்சி அவருக்கு ஏறக்குறையப் பதினைந்து வயதாக இருந்தபோது நடந்தது. தமையனார் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக, அவருடைய பொற்காப்பில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்து விற்றனர். மனச்சாட்சி உறுத்தவே, குற்றத்தை ஒரு கடிதத்தில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையாரிடம் கொடுத்தார். தந்தையார் எழுந்திருந்து அதனைப் படித்தார். கண்ணீர் வழிந்து கடிதம் நனைந்தது. பின் அதனைக் கிழித்துவிட்டு ஒன்றும் பேசாது படுத்துக்கொண்டார். சினத்தையும் கடுஞ்சொல்லையும் எதிர்பார்த்து நின்ற மகன் அந்தக் கண்ணீரினால் திருந்தினான். அகிம்சை என்பது வெறுமனே அடிக்காமல் விடுவது அன்று, மாற்றும் ஆற்றல் உடையதொரு சக்தி என்பதை அவர் நூலிற் படிக்குமுன் வீட்டிலேயே கண்டார்.

1888இல் இலண்டன் சென்று சட்டம் பயின்ற காலத்தில், எட்வின் ஆர்னல்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு வாயிலாகவே முதன்முதலிற் பகவத்கீதையைப் படித்தார். பிறந்த வீட்டின் செல்வத்தைப் பிறநாட்டில் வைத்து அறிந்துகொண்ட இந்நிலை நம் இளைஞருக்குப் புதிதன்று. 1891இல் தாயகம் திரும்பியபோது இராஜசந்திரர் என்னும் சமண ஞானியின் நட்புக் கிடைத்தது. இரத்தின வியாபாரியாக இருந்தும் ஆன்ம விசாரத்தில் ஊறியிருந்த அவரிடம், தம் சமய ஐயங்களைத் தென்னாபிரிக்காவிலிருந்து கடிதமூலம் கேட்டுத் தெளிந்தார் காந்தி.

கூட்டத்தின் கோபம்

1893இல் தென்னாபிரிக்கா சென்ற காந்தியை, முதல் வகுப்புச் சீட்டு இருந்தும், பீற்றர்மரிற்ஸ்பேர்க் நிலையத்திற் புகையிரதத்தினின்று இறக்கிவிட்டனர். குளிரில் நடுங்கியபடி இருந்த அவ்விரவைப் பலரும் அறிவர். ஆனால் நம் ஆராய்ச்சிக்கு அதனினும் பொருத்தமான நிகழ்ச்சி 1897ஆம் ஆண்டு ஜனவரி 13ஆந் திகதி டேர்பன் நகரில் நடந்தது.

முந்திய ஆண்டு அவர் இந்தியாவில் வெளியிட்ட பிரசுரம் ஒன்றை ஒரு செய்தி நிறுவனம் சிலவரிகளிற் சுருக்கித் தந்தி அனுப்பியிருந்தது. அச்சுருக்கம் அவர் சொல்லாததையும் சொன்னதுபோல் ஆக்கிவிட்டது. வெள்ளையர் கொதித்தெழுந்தனர். கப்பலிலிருந்து இறங்கி வந்த அவரைக் கூட்டம் சூழ்ந்து, கல்லும் அழுகிய முட்டையும் எறிந்து, உதைத்து வீழ்த்தியது. பொலிஸ் அதிகாரி அலெக்சாந்தரின் மனைவியார் தற்செயலாக அவ்வழியே வந்து, தம் குடையை விரித்துக்கொண்டு நடுவிற் புகுந்து நின்றிராவிடில் அவர் அன்றே மாண்டிருப்பார். அன்றிரவு அவர் தங்கியிருந்த வீட்டையும் கூட்டம் வளைத்தது. அலெக்சாந்தர் வாசலில் நின்று வேடிக்கைப் பாட்டுப் பாடிக் கூட்டத்தை மகிழ்வித்துக்கொண்டிருக்க, காந்தியார் பொலிஸ்காரர் வேடத்தில் வெளியேறித் தப்பினார்.

அடித்தவர்கள்மீது வழக்குத் தொடரும்படி இலண்டனிலிருந்தே பணிப்பு வந்தது. அவர் மறுத்துவிட்டார். அக்கூட்டத்தினர் பொய்ச்செய்தியை மெய்யென நம்பியவர்கள். அவர்களைத் தூண்டிய தலைவர்களே பொறுப்பாளிகள். உண்மை தெரியும்போது அவர்களே வருந்துவார்கள் என்பது அவர் கருத்து. அவ்வாறே நிகழ்ந்தது. இம்சையின் இரண்டாவது வேர் இங்கே வெளிப்படுகின்றது. அச்சம் ஒரு வேர் என்றால் பொய் மற்றொரு வேர். அச்சத்திற்குப் பொய்யே உணவு. அகிம்சையையும் சத்தியத்தையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்போல அவர் பிரிக்காது போற்றியதன் காரணமும் இதுவே.

காந்தியடிகள் பிறவியிலேயே குறையற்றவராக வந்தவர் அல்லர். தென்னாபிரிக்க வாழ்வின் முற்பகுதியில் ஆபிரிக்க மக்களைத் தாழ்வாக எண்ணிய அக்காலத்து மனப்பான்மை அவரிடமும் இருந்ததை அவர் எழுத்துகள் காட்டுகின்றன. 1906இல் நேற்றாலில் நடந்த சூலு எழுச்சியின்போது அவர் காயப்பட்டோரைத் தூக்கும் படையொன்றை அமைத்துச் சென்றார். அங்கே கண்டது போர் அன்று, மனிதவேட்டை. கசையடிபட்டுப் புண் சீழ்பிடித்துக் கிடந்த சூலு மக்களுக்கு மருந்திட வெள்ளையர் முன்வரவில்லை. காந்தியாரும் தோழருமே அப்பணியைச் செய்தனர். பிறனைத் தன்னிலும் தாழ்ந்தவனாக எண்ணுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவர் அந்தப் புண்களிற் கண்டார். அதே ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதி ஜோகன்னஸ்பேர்க்கிற் கூடிய பெருங் கூட்டத்திலேதான் சத்தியாக்கிரகப் போராட்டம் கருக்கொண்டது. அப்போராட்டத்திற் சிறை சென்று, நோயுற்று, 1914இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை நம் தமிழ்க்குலத்துச் சிறுமி என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கீதை காட்டிய வழி

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அருச்சுனன் ஒரு கேள்வி கேட்கின்றான். விரும்பாதவனையும் வலிந்து இழுத்துச் சென்று பாவத்திற் சேர்ப்பது எது என்பது அக்கேள்வி. காமமும் குரோதமுமே என்பது கண்ணபிரான் விடை. இரண்டாம் அத்தியாயத்தின் இறுதியிலோ அதன் படிமுறை விளக்கப்படுகின்றது. ஒரு பொருளையே நினைத்திருப்பவனுக்கு அதன்மேற் பற்று உண்டாகின்றது, பற்றினால் ஆசை, ஆசை தடைப்படுங்காற் கோபம், கோபத்தினால் மயக்கம், மயக்கத்தால் நினைவும் புத்தியும் கெட்டு மனிதன் அழிகின்றான். தன்னை வென்றவனின் இயல்பைக் கூறும் இப்பகுதியைக் காந்தியடிகள் தம் ஆசிரமத்தின் மாலைப் பிரார்த்தனையில் நாள்தோறும் ஓதச் செய்தார். கீதையைக் குஜராத்தியில் மொழிபெயர்த்து, பற்றின்மையைக் குறிக்கும் வகையில் அநாசக்தி யோகம் என்று பெயரும் இட்டார்.

போர்க்களத்தில் உபதேசிக்கப்பட்ட நூல் அகிம்சையைப் போதிக்குமா என்று பலர் அவரைக் கேட்டதுண்டு. குருக்ஷேத்திரம் மனிதனின் உள்ளமே. அங்கே நாள்தோறும் நிகழும் போரையே வியாசர் கூறுகின்றார் என்பது அவர் கொண்ட பொருள். திலகர் முதலியோர் வேறு விதமாகக் கொண்டனர். காந்தியார் சொன்ன காரணம் எளியது. பயனில் ஆசையில்லாமல் ஒருவன் தொழில் செய்யப் பழகிவிட்டால், அவன் பொய் சொல்வதற்கும் பிறரைத் துன்புறுத்துவதற்கும் காரணமே இல்லாமற் போகின்றது என்பதே அது.

சைவசித்தாந்தம் பயின்ற நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று. உயிரை அநாதியாகப் பற்றி நிற்பது ஆணவமலம் என்றும், யான் எனது என்னுஞ் செருக்கு அதன் செயல் என்றும் நம் சாத்திரங்கள் விளக்குகின்றன. எனது என்பதிலிருந்து பேராசை பிறக்கின்றது. யான் என்பதிலிருந்து பகை பிறக்கின்றது. தம் சுயசரிதையின் முடிவில், தம்மைச் சூனியமாக்கிக்கொள்ள வேண்டும் என்றும், பணிவின் எல்லையே அகிம்சை என்றும் காந்தியடிகள் கூறியிருப்பது நம் ஆசாரியர்கள் காட்டிய பாதைக்கு மிக அணித்தாக நிற்கின்றது. அவர் சித்தாந்தி அல்லர், வைணவக் குடியிற் பிறந்தவர். எனினும் நோய் ஒன்றாக இருத்தலின் மருந்தும் ஒத்திருக்கின்றது.

இங்கே இளைஞர் ஒரு தவறான எண்ணத்திற்கு இடங்கொடுத்தல் கூடாது. அகிம்சை கோழைகளின் ஒதுங்கிடம் அன்று. கோழைத்தனத்திற்கும் பலாத்காரத்திற்கும் இடையே ஒன்றைத் தெரிந்துதான் ஆகவேண்டுமென்றாற் பலாத்காரமே மேல் என்று அவர் வெளிப்படையாக எழுதியவர். அடிக்கும் வலிமையும் துணிவும் இருந்தும் அடியாதிருப்பதையே அவர் அகிம்சை என்றார்.

நம் வீட்டுக்குள் இருக்கும் இம்சை

1915இல் இந்தியா திரும்பி அகமதாபாத்தில் ஆசிரமம் அமைத்த சில மாதங்களுள், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம் ஒன்றை அதிற் சேர்த்துக்கொண்டார். பணவுதவி நின்றது. கிணற்றில் நீர் எடுக்கவும் தடை எழுந்தது. ஆசிரமத்திற்குள்ளேயே முணுமுணுப்புத் தோன்றியது. அவர் அசையவில்லை. வாளால் வெட்டுவது மாத்திரம் இம்சை அன்று. ஒருவனைக் கிணற்றடியினின்றும் கோயில் வாசலினின்றும் தள்ளிவைப்பதும் இம்சையே. வெளிப்படையான கலகம் ஒரு நாள் வெடித்து அடங்கிவிடும். இந்த மறைமுக இம்சையோ தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, வெளிக்கலகத்திற்கு வேண்டிய வெறுப்பை ஊட்டிக்கொண்டேயிருக்கும்.

தம் சொந்த இயக்கத்தினரின் குற்றத்தையும் அவர் மறைத்ததில்லை. 1922 பெப்ருவரியில் ஐக்கிய மாகாணத்தின் சௌரி சௌராவில், இயக்கத்தைச் சேர்ந்த கூட்டமொன்று பொலிஸ் நிலையத்துக்குத் தீவைத்து இருபதுக்கும் மேற்பட்ட பொலிசாரைக் கொன்றது. நாடெங்கும் உச்சநிலையில் இருந்த ஒத்துழையாமைப் போராட்டத்தை உடனே நிறுத்தி, ஐந்து நாள் உபவாசமிருந்தார். நேருவும் பிறரும் மனம் நொந்தனர். எதிரியின் இம்சையைக் கண்டிப்பதற்கு முன் தம்மவர் இம்சைக்குக் கழுவாய் தேடுவதே அவர் முறை.

1925இல் தம் பத்திரிகையில் சமுதாயப் பாவங்கள் ஏழு என்ற பட்டியலை வெளியிட்டார். உழைப்பின்றி வந்த செல்வம், ஒழுக்கமற்ற கல்வி, கொள்கையற்ற அரசியல், அறமற்ற வாணிகம், தியாகமற்ற வழிபாடு என்பன அவற்றுட் சில. இவற்றில் ஒன்றிலாவது கத்தியோ துப்பாக்கியோ இல்லை. ஆனால் இவை மலிந்த சமுதாயத்தில் அவை தாமே வந்து சேரும் என்பதை உலகம் பலமுறை கண்டுவிட்டது.

1927 நவெம்பரில் அவர் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று வடக்கிற்கும் வந்து, கதர் நிதி திரட்டி, இராமநாதன் மகளிர் கல்லூரி முதலான இடங்களிற் பேசினார். மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் அவர் இங்கும் வற்புறுத்தினார். அவரை மாலையிட்டு வரவேற்ற நம் முன்னோர் அப்புத்திமதியை எவ்வளவு ஏற்றனர்? 1936இல் திருவிதாங்கூர் மன்னர் அரசாங்கக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். 1968இலோ மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே சென்று வழிபட விரும்பிய மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. மறித்து நின்றவரும் நீறு பூசியவர், மறிக்கப்பட்டவரும் நீறு பூசியவர். இதனைப் பெரியோர் மனத்தாங்கலின்றிச் சிந்தித்தல் வேண்டும்.

நவகாளியில் நடந்த பாதங்கள்

1946 ஓகஸ்ட் 16ஆந் திகதி கல்கத்தாவில் தொடங்கிய கலகத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒக்டோபரில் கிழக்கு வங்காளத்து நவகாளியில் இந்துக்கள் தாக்கப்பட்டனர். அதற்குப் பழியென்று பீகாரில் முஸ்லிம்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். பழிக்குப் பழி என்னும் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தன்னைப் பதிலாகவே எண்ணியது. தொடக்கமாக எண்ணியது ஒன்றுமில்லை.

காந்தியடிகளுக்கு அப்போது வயது எழுபத்தேழு. நவம்பரில் நவகாளிக்குச் சென்றார். உடன் வந்தோரை ஊருக்கு ஒருவராகப் பிரித்து அனுப்பிவிட்டு, சிறீராம்பூர் என்ற கிராமத்திற் சிலருடன் தங்கினார். 1947 ஜனவரி தொடக்கம் ஊர் ஊராக நடந்தார். வாய்க்கால்களின்மேல் மூங்கிலை இட்ட ஒடுங்கிய பாலங்களில் நடக்கப் பயிற்சி செய்துகொண்டார். புண்ணிய யாத்திரையாதலின் செருப்பையும் கழற்றிவிட்டார். நாற்பத்தேழு கிராமங்கள், ஏறக்குறைய 116 மைல். சில இடங்களில் அவர் வரும் பாதையில் முள்ளும் மலமும் போட்டு வைத்தனர். அவர் அதனையும் துப்புரவு செய்துகொண்டு நடந்தார்.

அங்கே அவர் செய்த வேலை யாது? வீடிழந்த இந்துக்களிடம் அச்சத்தை விடும்படியும், தங்களுக்குள் உள்ள தீண்டாமையை ஒழிக்கும்படியும் சொன்னார். முஸ்லிம்களிடம் நடந்தவற்றை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அயலவரைத் திரும்ப அழைத்துக் காக்கும்படி சொன்னார். குளங்களைத் துப்புரவு செய்வதையும், இயற்கை வைத்தியத்தையும், நூல் நூற்பதையும் கற்பித்தார். நிலமுடையோர் பெரும்பாலும் இந்துக்களாகவும் உழுவோர் பெரும்பாலும் முஸ்லிம்களாகவும் இருந்த பிரதேசம் அது. வறுமையும் கடனும் மனத்தாங்கலும் மதத்தின் பெயரைச் சூடிக்கொண்டு வெளிவந்தன. சமயம் தீக்குச்சியாகப் பயன்பட்டது உண்மை. விறகு வேறிடத்திற் பல காலமாக அடுக்கப்பட்டிருந்தது. இதனை உணர்ந்தவர் அவர். ஆதலாற்றான் பிரார்த்தனையோடு நில்லாமற் குளத்தையும் இராட்டையையும் பற்றிப் பேசினார். பின் பீகாருக்குச் சென்று, அங்குள்ள இந்துக்களின் குற்றத்தையும் அதே உறுதியோடு எடுத்துக் கூறினார்.

இறுதி ஆகுதி

1947 ஓகஸ்ட் 15ஆந் திகதி டில்லி விழாக்கோலம் பூண்டிருக்க, அவர் கல்கத்தாவில் ஒரு முஸ்லிமின் பழைய வீட்டில் சுராவர்த்தியுடன் தங்கி, உபவாசத்திலும் பிரார்த்தனையிலும் அந்நாளைக் கழித்தார். சில நாள் அமைதி நிலவிற்று. மாத இறுதியிற் கலகம் மீண்டும் தலைகாட்டியது. செப்டெம்பர் 1ஆந் திகதி உண்ணாநோன்பு தொடங்கினார். வட கல்கத்தாப் பொலிசாருட் பலர் கடமையிலிருந்தபடியே தாமும் உபவாசமிருந்தனர். கலகக்காரர் தாமே வந்து ஆயுதங்களை அவர் காலடியில் வைத்தனர். எழுபத்துமூன்று மணி நேரத்தில் நோன்பு முடிந்தது. பஞ்சாபிற் பெரும்படை நின்றும் அடங்காத தீ, வங்காளத்தில் ஒரு முதியவரின் பட்டினியால் அடங்கியது. குற்றவாளியைத் தண்டியாமல், அவன் குற்றத்தின் வேதனையைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். காப்பிலிருந்து பொன் வெட்டிய மகனைக் கண்டு அழுத தந்தையின் வழியும் இதுவே அன்றோ?

1948 ஜனவரி 13இல் டில்லியிலும் உண்ணாநோன்பு இருந்தார். 18ஆந் திகதி எல்லாச் சமூகத் தலைவர்களும் உறுதிமொழி அளித்தபின் அதனை முடித்தார். 20ஆந் திகதி அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்தில் வெடிகுண்டு வெடித்தது. அதனைச் செய்த இளைஞனை வெறுக்க வேண்டாமென்று மறுநாளே கேட்டுக்கொண்டார். 30ஆந் திகதி மாலை, பிரார்த்தனைக்கு நடந்து செல்கையில், வணங்குவான்போல் எதிரே வந்தவன் சுட்ட மூன்று குண்டுகளால் வீழ்ந்தார்.

கொன்றவன் பிறமதத்தவன் அல்லன், இந்து. தன் சமயத்தையும் நாட்டையும் காப்பதற்காகவே செய்ததாகக் கூறியவன். கீதையைப் போற்றியவன். இவ்வுண்மை நமக்குக் கசப்பானது. ஆயினும் அதனை விழுங்காமல் விடுவதற்கில்லை. காந்தியார் நெஞ்சில் இருந்த கீதையும் அவனிடமிருந்த கீதையும் ஒன்றே. படித்த உள்ளங்களே வேறு. ஒருவர் அதனைக் கொண்டு தம் ஆணவத்தைக் கரைத்தார். மற்றவன் தன் ஆணவத்திற்கு அதனையே கவசமாக அணிந்தான். ஆகவே, சமயநூலைக் கையில் வைத்திருப்பதனால் மாத்திரம் ஒருவன் இம்சையினின்றும் விடுபடமாட்டான்.

நாம் செய்யத்தக்கது

நம் நாடும் 1983 முதல் 2009 வரை போரின் கொடுமையைக் கண்டது. இழப்பில்லாத வீடு அரிது. அந்தத் துயரத்தை மறக்கும்படி எவரிடமும் நாம் சொல்லவில்லை. நீதி வேண்டாமென்றும் சொல்லவில்லை. காந்தியடிகளும் அநீதியோடு ஒருபோதும் சமாதானம் செய்துகொண்டவர் அல்லர். துயரத்தை வெறுப்பாக மாற்றி அடுத்த தலைமுறைக்கு முதுசமாகக் கொடுக்காமல் இருப்பதே நம் கையிலுள்ளது.

சங்கத்து இளைஞர்கள் இதனைச் சிறிய காரியங்களிலிருந்து தொடங்கலாம். கேட்ட செய்தியை விசாரியாமல் இன்னொருவரிடம் சொல்லாதிருத்தல். கோபம் வந்தபொழுது அதன் பின்னால் நிற்கும் ஆசை எது, அச்சம் எது என்று தன்னையே கேட்டல். கோயில் வீதியிலும் விளையாட்டிடத்திலும் எவரையும் தள்ளிவையாதிருத்தல். பிறமொழி பேசும் அயலவரின் வீட்டு நன்மை தீமைக்குச் செல்லுதல். வாரத்தில் ஒரு நாளாவது கூட்டுப்பிரார்த்தனையில் அமர்தல். பெரியோர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒரு பிள்ளை தன் தந்தையின் கண்ணீரினால் திருந்திய கதையை மேலே கூறினோம். வீட்டில் அடியையும் வசையையும் கண்டு வளரும் பிள்ளை வீதியில் அவற்றையே செய்யும்.

வன்செயலின் வேர் எங்கோ தொலைவிலுள்ள பகைவன் நெஞ்சில் மாத்திரம் இருந்தால் அதனைக் களைவது நம்மால் ஆகாத காரியம். அது நம் நெஞ்சிலும் இருப்பதனாலேயே நம்மாற் செய்யத்தக்க வேலை ஒன்று நமக்கு இருக்கின்றது. அவ்வேலையை இன்றே தொடங்குவதற்கு எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைசெய்வதாக.